லினக்ஸில் சத்தம் போனால்: அறிகுறி பார்த்துச் சரி செய்யும் வழி

திருவாரூருக்குப் பக்கத்தில் நாகஸ்வரம் சொல்லிக்கொடுக்கும் ஓர் ஆசிரியர், நான்கு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த பாடப் பதிவுகளை ஒரே மதியத்தில் இழந்தார். லேப்டாப்பில் சத்தம் வரவில்லை என்று ஒரு கடைக்குக் கொண்டு போனார். அங்கே ஃபார்மெட் செய்து புதிதாக லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தார்கள். அப்போதும் சத்தம் வரவில்லை. பிறகு என்னிடம் வந்தது. ஹெட்போன் துளைக்குள் களிம்பு ஏறி, எப்போதும் ஹெட்போன் மாட்டியிருப்பதாகவே கணினி நினைத்துக்கொண்டிருந்தது. துடைத்தேன், சத்தம் வந்தது. பதிவுகள் வரவில்லை.

மன்னார்குடி, கும்பகோணம், வேதாரண்யம் பக்கமுள்ள வீடுகளிலும் பள்ளிகளிலும் லினக்ஸ் கணினிகளைப் பார்த்துக் கொடுக்கிறேன். எனக்கு அதிகம் வரும் புகார் இந்தச் சத்தம்தான். இதற்காக ஃபார்மெட் செய்ய வேண்டிய நிலை எனக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கீழே உள்ள எந்த அறிகுறிக்கும் உங்கள் கோப்புகளைத் தொட வேண்டிய தேவை இல்லை.

கட்டளைகளைப் போனில் சொல்வது போலவே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். டெர்மினலைத் (கட்டளை அடிக்கும் ஜன்னலை) திறந்து அவற்றை ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் அடியுங்கள். கோடு போட்ட இடத்தில் கோடு, இடைவெளி விட்ட இடத்தில் இடைவெளி. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, உடனே ஒரு பாட்டை ஓடவிட்டுப் பாருங்கள். நான்கை ஒன்றாக மாற்றினால் எது சரி செய்தது, எது கெடுத்தது என்று தெரியாமல் போய்விடும்.

## எந்த அறிகுறியானாலும் முதல் ஐந்து நிமிடம்

விசைப்பலகையில் சத்தத்தை அணைக்கும் விசையைப் பாருங்கள். பல லேப்டாப்களில் அதில் ஒரு சின்ன விளக்கு இருக்கும். எரிந்தால் சத்தம் அணைந்திருக்கிறது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது அடிக்கடி நடக்கும்.

ஹெட்போனை மாட்டிப் பாருங்கள், கழற்றிப் பாருங்கள். ஒன்றில் வந்து மற்றொன்றில் வரவில்லை என்றால் பாதி வேலை முடிந்தது. கீழே முதல் அறிகுறிக்குப் போங்கள்.

கணினியை முழுதாக அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். அதே கணினியில் விண்டோஸும் இருந்தால் இது மிக முக்கியம். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி போட்டிருந்தால் அது முழுதாக அணையாமல் பாதித் தூக்கத்தில் நிற்கும். சவுண்டு சிப்பை அது விட்டுப்போன நிலையிலிருந்து லினக்ஸால் எழுப்ப முடியாமல் போவதுண்டு. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே விண்டோஸை ஷட்டவுன் செய்தால் முழுதாக அணையும். விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பழைய லேப்டாப்களில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. இன்று அவற்றில் வேறு லினக்ஸ் போட்டிருந்தாலும் பலர் விண்டோஸையும் அப்படியே வைத்திருக்கிறார்கள்.

இத்தனைக்கும் வரவில்லை என்றால் சவுண்டு சர்வரை எழுப்பிவிட வேண்டும். செயலிகளுக்கும் சவுண்டு கார்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பது அதுதான். உங்களிடம் இருப்பது எது என்று தெரிந்துகொள்ள:

பேக்டிஎல் இன்ஃபோ (பி-ஏ-சி-டி-எல், இடைவெளி, இன்ஃபோ)

வரும் வரிகளில் சர்வர் நேம் என்ற வரியைப் பாருங்கள். அதில் பைப்வயர் என்ற பெயரும் இருந்தால் உங்களிடம் இருப்பது புதிய பைப்வயர். பல்ஸ்ஆடியோ என்று மட்டும் இருந்தால் பழையது. ஃபெடோரா 34 (2021), உபுண்டு 22.10 (2022), லினக்ஸ் மின்ட் 22 (2024) இவற்றிலிருந்து பைப்வயர்தான் இயல்பாக வருகிறது. டெபியன் 12-இல் க்னோம் போட்டவர்களுக்கும் அதுதான். பழைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் பல்ஸ்ஆடியோ இருக்கும்.

பைப்வயர் என்றால்: சிஸ்டம்சிடிஎல் --யூசர் ரீஸ்டார்ட் வயர்பிளம்பர் பைப்வயர் பைப்வயர்-பல்ஸ்

பல்ஸ்ஆடியோ என்றால்: பல்ஸ்ஆடியோ -கே

இரண்டுக்கும் முன்னால் சூடோ போடாதீர்கள். சவுண்டு சர்வர் உங்கள் பெயரில் ஓடுவது, நிர்வாகி பெயரில் அல்ல. யாராவது ஒருமுறை சூடோ போட்டு பல்ஸ்ஆடியோவை ஓட்டிவிட்டால், உங்கள் வீட்டு அடைவில் (ஹோம் ஃபோல்டரில்) கான்ஃபிக் என்ற மறைந்த அடைவுக்குள் உள்ள பல்ஸ் என்ற அடைவு நிர்வாகிக்குச் சொந்தமாகிவிடும். அப்புறம் எத்தனை முறை எழுப்பினாலும் சர்வர் எழாது. அந்த அடைவின் உரிமையாளர் யார் என்று எல்எஸ் -எல் போட்டுப் பாருங்கள். ரூட் (நிர்வாகி) என்று இருந்தால் பழையபடி உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். இந்த மாற்றத்துக்கு மட்டும் சூடோ தேவை.

அடுத்த படிகள் பலவற்றுக்கு பவுகண்ட்ரோல் என்ற சின்னச் செயலி வேண்டும். மென்பொருள் கடையில் பல்ஸ்ஆடியோ வால்யூம் கண்ட்ரோல் என்ற பெயரில் இருக்கும். பைப்வயருக்கும் அதே செயலி போதும்.

## அறிகுறி 1: ஸ்பீக்கர் பட்டியலில் தெரிகிறது, சத்தம் மட்டும் இல்லை

### ஒரு பாட்டை ஓடவிட்டு பவுகண்ட்ரோலைப் பாருங்கள்

அவுட்புட் டிவைசஸ் என்ற பக்கத்தில் பச்சையோ நீலமோ ஒரு பட்டை பாட்டுக்கு ஏற்ப ஆடுகிறதா?

ஆடுகிறது என்றால் சவுண்டு சர்வர் தன் வேலையைச் செய்கிறது. தவறு அதற்குப் பிறகுதான். போர்ட் என்ற இடத்தைப் பாருங்கள். ஹெட்போன் மாட்டாதபோதும் ஹெட்போன் மாட்டியிருப்பதாகக் காட்டினால், ஆசிரியருக்கு வந்த அதே கோளாறு. அவசரத்துக்கு போர்ட்டை ஸ்பீக்கர் என்று மாற்றுங்கள். அதற்கும் வரவில்லை என்றால் டெர்மினலில் அல்சாமிக்சர் என்று அடித்து, எஃப்6 அழுத்திச் சரியான கார்டைத் தேர்ந்தெடுத்து, ஆட்டோ-மியூட் மோட் என்பதை டிஸேபிள்டு ஆக்குங்கள். அங்கேயே எந்தப் பட்டைக்குக் கீழாவது எம்எம் என்று இருந்தால் அது வாய் மூடிக் கிடக்கிறது. அதன் மேல் நின்று எம் விசையை அழுத்தினால் திறக்கும். மாஸ்டர், ஸ்பீக்கர், ஹெட்போன் மூன்றையும் பாருங்கள்.

பிறகு துளையைச் சுத்தம் செய்யுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் இது வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய வேலை. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு கடலை விட்டுத் தள்ளியுள்ள ஊர்களிலும் களிம்பு வரும். கணினியை அணைத்துவிட்டு, ஹெட்போன் பின்னில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இரண்டு துளி தடவி, உள்ளே விட்டுப் பத்து முறை சுழற்றி எடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எதுவும் வேண்டாம். தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு அடுத்த மாதமே இன்னும் மோசமாக்கும். குண்டூசி விட்டுச் சுரண்டவும் கூடாது.

### பட்டை ஆடவில்லை என்றால்

பாட்டு வேறு எங்கோ போகிறது. பிளேபேக் பக்கத்தில் அந்தச் செயலிக்கு எதிரே எந்தக் கருவி என்று பாருங்கள். முன்பு எப்போதோ மாட்டிய டிவியையோ புளூடூத்தையோ சர்வர் நினைவில் வைத்திருக்கும். அங்கேயே மாற்றிவிடலாம். கான்ஃபிகரேஷன் பக்கத்தில் புரொஃபைல் ஆஃப் என்று இருந்தாலும் இப்படித்தான் நடக்கும். அதை அனலாக் ஸ்டீரியோ டூப்ளெக்ஸ் என்று வையுங்கள்.

எல்லாம் சரியாகத் தெரிந்தும் ஊமையாக இருந்தால் நினைவுக் கோப்புகள் குழம்பியிருக்கலாம். வீட்டு அடைவில் லோக்கல் என்ற மறைந்த அடைவு, அதற்குள் ஸ்டேட், அதற்குள் வயர்பிளம்பர். அதன் பெயரை வயர்பிளம்பர்-பழசு என்பது போல மாற்றிவிட்டு வெளியேறி உள்ளே வாருங்கள். அழிக்க வேண்டாம், பெயர் மாற்றினாலே போதும். பல்ஸ்ஆடியோவுக்கு மேலே சொன்ன பல்ஸ் அடைவை இதே மாதிரி செய்யுங்கள்.

## அறிகுறி 2: கருவி பட்டியலில் 'டம்மி அவுட்புட்' மட்டும்தான் இருக்கிறது

மக்கள் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். சவுண்டு கார்டு போச்சு, போர்டு மாற்றணும் என்று சொல்லிவிடுகிறார்கள். டம்மி அவுட்புட் என்றால் சவுண்டு சர்வருக்குக் கார்டு கிடைக்கவில்லை என்பது மட்டுமே பொருள். கார்டு செத்தது என்று பொருள் இல்லை. ஒரே கேள்வியில் இது இரண்டாகப் பிரியும்:

ஏபிளே -எல் (ஏ-பிளே, இடைவெளி, கோடு, சின்ன எல்)

### கார்டு பெயர் வருகிறது

கணினிக்குக் கார்டு தெரிகிறது, சர்வருக்குத்தான் கிடைக்கவில்லை. நல்ல செய்தி.

முதலில் முழு அணைப்பு, பிறகு மேலே சொன்ன எழுப்பும் கட்டளை. அதற்கும் சரியாகவில்லை என்றால் வேறு ஏதோ நிரல் கார்டைப் பிடித்து வைத்திருக்கிறது. பிடித்திருப்பது யார் என்று கேட்க:

சூடோ ஃபியூசர் -வி /டெவ்/எஸ்என்டி/*

பைப்வயர், வயர்பிளம்பர், பல்ஸ்ஆடியோ இந்தப் பெயர்கள் வந்தால் இயல்பு. வேறு பெயர் வந்தால் அதுதான் ஆள். நான் பார்த்ததில் அடிக்கடி மாட்டுவது டிமிடிட்டி. கீபோர்டு கற்றுக்கொள்கிறவர்கள் மிடி கோப்புகளைக் கேட்க இதைப் போடுவார்கள். கூடவே டிமிடிட்டி-டீமன் என்ற பொதியும் (பேக்கேஜும்) வந்து உட்கார்ந்து, கணினி எழும்போதே கார்டைக் கைப்பற்றிவிடும். டிமிடிட்டி-டீமனை மட்டும் நீக்கினால் போதும். மிடி கேட்பதற்கு டிமிடிட்டி அப்படியே இருக்கும்.

ஒரே கணினியில் இரண்டு பயனர்கள் உள்ளே இருந்தாலும் கார்டு முதல் ஆளிடம் சிக்கிக்கொள்வதுண்டு. பள்ளிக் கணினிகளில் இது சகஜம். முன்னவர் முழுதாக வெளியேற வேண்டும். பயனர் மாற்று என்று மட்டும் கொடுத்துவிட்டுப் போகக் கூடாது.

பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்திய கணினிகளில் பல்ஸ்ஆடியோவும் பைப்வயர்-பல்ஸும் ஒரே நாற்காலிக்குச் சண்டை போடும். ஒரு நாள் சத்தம் வரும், ஒரு நாள் வராது. பைப்வயர் இயல்பாக வரும் பதிப்புக்கு மாறியிருந்தால் பழைய பல்ஸ்ஆடியோ பொதியை நீக்கிவிடுங்கள். டெபியன் 12-இல் பைப்வயர்-ஆடியோ என்ற ஒரே பொதி தேவையானதை எல்லாம் கொண்டு வந்துவிடும். நீக்கும்போது வேறு எதையெல்லாம் சேர்த்து நீக்கப் போகிறது என்று காட்டும் பட்டியலைப் படிக்காமல் ஆம் சொல்லாதீர்கள். டெஸ்க்டாப்பின் பெயரே அதில் இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

### கார்டு பெயரே வரவில்லை

சமீபத்தில் அப்டேட் செய்தீர்களா? கணினி எழும்போது வரும் க்ரப் பட்டியலில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய், பழைய கெர்னலை (லினக்ஸின் மையப் பகுதியை) தேர்ந்தெடுத்து உள்ளே வாருங்கள். அதில் சத்தம் வந்தால் புதிய கெர்னலில்தான் தவறு. அடுத்த அப்டேட் வரும்வரை பழையதிலேயே ஓட்டலாம்.

புதிய லேப்டாப்பா? இன்டெல் சிப் உள்ள பல புதிய மாடல்களுக்கு எஸ்ஓஎஃப் என்ற ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஏற்றும் சின்ன நிரல்) தனியாக வேண்டும். அது இல்லாவிட்டால் ஸ்பீக்கரும் மைக்கும் சேர்ந்தே காணாமல் போகும். டெபியனில் பொதியின் பெயர் ஃபர்ம்வேர்-சோஃப்-சைன்டு, ஃபெடோராவில் அல்சா-சோஃப்-ஃபர்ம்வேர். போட்டுவிட்டு முழுதாக அணைத்துப் போடுங்கள்.

இரண்டும் இல்லை என்றால் பயாஸில் ஆடியோ அணைக்கப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். கடைசிச் சோதனை, லினக்ஸ் பென்டிரைவில் இருந்து எதையும் ஏற்றாமல் கணினியை எழுப்பிப் பார்ப்பது. அதில் சத்தம் வந்தால் கார்டு நன்றாக இருக்கிறது. வேறு வேறு இரண்டு பதிப்புகளில் பார்த்தும் கார்டின் பெயரே வராவிட்டால், அப்போது மட்டும் வன்பொருளைச் சந்தேகியுங்கள்.

## அறிகுறி 3: கரகரப்பு, விட்டு விட்டு வருதல், இரைச்சல்

இந்த அறிகுறியில்தான் நம் ஊர்ச் சூழலும் மென்பொருளும் கலந்து குழப்பும். அதனால் முதல் வேலை சார்ஜரைக் கழற்றுவது.

### சார்ஜரைக் கழற்றியதும் நின்றுவிட்டது

மென்பொருளைத் தொடாதீர்கள், இது கரண்ட் விஷயம். எர்த் இல்லாத பிளக், பழைய சார்ஜர், ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் இந்த மூன்றில் ஒன்று. கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும்போது மட்டும் ம்ம்ம் என்று இரைந்தால் இன்வெர்ட்டர்தான். வேறு அறையில், எர்த் சரியாக உள்ள பிளக்கில் மாட்டிப் பாருங்கள். லேப்டாப் உடம்பைத் தொட்டால் சுருக்கென்று இருந்தால் உடனே வயர்மேனைக் கூப்பிடுங்கள். அப்போது சத்தம் இரண்டாம்பட்சம், ஆள்தான் முக்கியம்.

கோயில் கச்சேரியை நேரலை விடும்போது லேப்டாப்பை மைக்செட் ஆம்பிளிஃபையரோடு இணைத்தால் வரும் இரைச்சலும் இந்த வகைதான். இரண்டும் வெவ்வேறு பிளக்கிலிருந்து கரண்ட் எடுப்பதால் எர்த் வழியாக ஒரு சுற்று உண்டாகிவிடுகிறது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டிப் பாருங்கள். போகவில்லை என்றால் இரண்டையும் இணைக்கும் ஆடியோ வயரின் நடுவில் ஒரு டிஐ பாக்ஸ் அல்லது ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வையுங்கள். மைக்செட்காரரிடமே இருக்கலாம், கேளுங்கள். இரைச்சல் போகும் என்று சொல்லி பிளக்கின் எர்த் பின்னை உடைக்கும் பழக்கத்தை நானே இரண்டு இடத்தில் பார்த்திருக்கிறேன். யார் சொன்னாலும் அதைச் செய்ய விடாதீர்கள். மழை ஈரத்தில் நின்று மைக் பிடிக்கிறவர் உயிருக்கு அந்தப் பின்தான் காவல்.

### சார்ஜர் இல்லாமலும் கரகரக்கிறது

சத்தம் நூறு சதவீதத்துக்கு மேல் இருக்கிறதா? பவுகண்ட்ரோலில் 150 வரை ஏற்றலாம். நூறைத் தாண்டினால் உடையத்தான் செய்யும்.

கணினி சூடாகிறதா? தை அறுவடைக் காலத்தில் களத்துப் பக்கத்து வீடுகளிலிருந்தும் கொள்முதல் நிலையத்துப் பக்கத்துக் கடைகளிலிருந்தும் வரும் கணினிகளில் நெல் சுணையும் தூசியும் விசிறியை அடைத்திருக்கும். சூடு ஏறினால் ப்ராசஸர் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்ளும். சவுண்டு சர்வருக்கு நேரத்துக்குத் தரவு கிடைக்காமல் துண்டு துண்டாக வரும். போட்ட பத்து நிமிடம் நன்றாகப் பாடிவிட்டுப் பிறகு கரகரத்தால் முதல் சந்தேகம் இதன் மேல்தான். விசிறியைச் சுத்தம் செய்ய நூறு கட்டளைகளை விட ஒரு பிரஷ் பயன்படும்.

சூடும் இல்லை என்றால் பைப்வயரில் பிடபிள்யூ-டாப் என்று அடியுங்கள். ஈஆர்ஆர் என்ற பத்தியில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறதா? ஏறினால் இடையகம் (பஃபர்) சின்னதாக இருக்கிறது. அதைப் பெரிதாக்க:

பிடபிள்யூ-மெட்டாடேட்டா -என் செட்டிங்ஸ் 0 கிளாக்.ஃபோர்ஸ்-குவான்டம் 2048

சரியாகவில்லை என்றால் 4096 வரை போகலாம். பழையபடி ஆக்க கடைசி எண்ணை 0 ஆக்குங்கள். இயல்பான அளவு 1024. விநாடிக்கு 48,000 மாதிரிகள் என்றால் சுமார் 21 மில்லி விநாடி. 2048 என்றால் இரண்டு மடங்கு, சுமார் 43. பாட்டுக் கேட்க இது தெரியவே தெரியாது. ஆனால் கீபோர்டைக் கணினியில் மாட்டி வாசிக்கிறவருக்கு விரலுக்கும் சத்தத்துக்கும் இடைவெளி தட்டுப்படும். அவர்கள் முதலில் மற்ற செயலிகளை மூடிப் பார்ப்பது நல்லது. இந்த மாற்றம் சர்வர் மறுபடி எழும்போது போய்விடும். உதவினால் அதே கட்டளையை ஸ்டார்ட்அப் அப்ளிகேஷன்ஸில் சேர்த்துவிடுங்கள்.

பல்ஸ்ஆடியோவில் ஈடிசி அடைவுக்குள் பல்ஸ் அடைவில் டிஃபால்ட்.பிஏ என்ற கோப்பு. அதில் மாட்யூல்-யூடெவ்-டிடெக்ட் என்று முடியும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு டிஷெட்=0 (டி-எஸ்-சி-ஹெச்-ஈ-டி) சேர்த்து, சர்வரை எழுப்புங்கள். பழைய சவுண்டு சிப்புகள் பலவற்றுக்கு இந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்திருக்கிறது. திருத்துவதற்கு முன் கோப்பை ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

## அறிகுறி 4: முதல் எழுத்து விழுங்கிவிடுகிறது, அல்லது 'டொக்' என்று அடிக்கிறது

வணக்கம் என்பது ணக்கம் என்று வரும். சத்தம் இல்லாத சில விநாடிகளில் கார்டு தூங்கிவிட்டு எழுவதால் வருவது. கோளாறு என்று சொல்ல முடியாது, தொந்தரவு மட்டும். சோதிக்க, பின்னணியில் ஒரு பாட்டை மெதுவாக ஓடவிட்டு வேறொன்றைப் போடுங்கள். டொக் இல்லை என்றால் உறுதி. எஸ்என்டி-ஹெச்டிஏ-இன்டெல் என்ற மாட்யூலின் பவர்-சேவ் மதிப்பை 0 ஆக்கினால் டொக் நிற்கும். முதல் எழுத்து போவதற்கு வயர்பிளம்பரில் சஸ்பெண்ட் டைம்அவுட் மதிப்பை 0 ஆக்க வேண்டும். பேட்டரி கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும்.

## அறிகுறி 5: கேட்கிறது, ஆனால் மைக் எடுக்கவில்லை

இன்புட் டிவைசஸ் பக்கத்தில் பேசிக்கொண்டே பட்டையைப் பாருங்கள். ஆடவில்லை என்றால் போர்ட் தவறு, அல்லது அல்சாமிக்சரில் எஃப்4 அழுத்தினால் வரும் கேப்சர் அணைந்திருக்கிறது. ஸ்பேஸ் விசையால் திறக்கலாம். செல்போன் இயர்போனை மைக்குக்குத் தனித் துளை உள்ள பழைய கணினியில் மாட்டினால் மைக் எடுக்காது. அதற்கு இரண்டாகப் பிரியும் ஒரு சின்ன வயர் கடையில் கிடைக்கும்.

ஒரு விசித்திரமான கோளாறு உண்டு. பட்டை நன்றாக ஆடும், ஆனால் எதிர்ப்பக்கம் உள்ளவருக்கு ஒன்றுமே கேட்காது, அல்லது கிணற்றுக்குள் இருந்து பேசுவது போலக் கேட்கும். சில லேப்டாப்களில் உள்ளே உள்ள மைக்கின் இடதும் வலதும் ஒன்றுக்கொன்று எதிராக அலை அனுப்பும். வீடியோ கால் செயலி இரண்டையும் ஒன்றாக்கும்போது ஒன்றை ஒன்று அழித்துவிடும். பவுகண்ட்ரோலில் அந்த மைக்குக்கு எதிரே பூட்டுப் படத்தை அழுத்தி, இரண்டு பக்கத்தையும் பிரித்து, வலதை முழுதாகக் குறையுங்கள். உடனே கேட்கும். கும்பகோணத்தில் ஒரு டியூஷன் அக்கா இதற்காக மூன்று ஹெட்செட் வாங்கிவிட்டிருந்தார்.

## அறிகுறி 6: புளூடூத்

இணைகிறது, ஆனால் கருவிப் பட்டியலில் வரவில்லை: பைப்வயரில் லிப்ஸ்பா-0.2-புளூடூத் பொதி இருக்கிறதா என்று பாருங்கள். பல்ஸ்ஆடியோவில் பல்ஸ்ஆடியோ-மாட்யூல்-புளூடூத். போட்டுவிட்டு வெளியேறி உள்ளே வந்து, ஹெட்செட்டை அகற்றி மறுபடி இணையுங்கள்.

கால் தொடங்கியதும் சத்தம் பழைய டெலிபோன் போல ஆகிவிடுகிறது: அது கெட்டுப்போனதல்ல. மைக் வேண்டும் என்றதும் ஹெட்செட் பாட்டுக் கேட்கும் முறையிலிருந்து பேசும் முறைக்கு மாறுகிறது. அந்த முறையில் பெரும்பாலும் விநாடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகள்தான். மைக்குக்கு லேப்டாப் மைக்கையே தேர்ந்தெடுத்துவிட்டு, கான்ஃபிகரேஷனில் ஹெட்செட்டை ஏ2டிபி (பாட்டுக் கேட்கும் முறை) என்று வையுங்கள். கேட்பது பழையபடி தெளிவாகும்.

## அறிகுறி 7: டிவியில், புரொஜெக்டரில் படம் வருகிறது, சத்தம் வரவில்லை

கான்ஃபிகரேஷன் பக்கத்தில் புரொஃபைலை ஹெச்டிஎம்ஐ என்று மாற்றுங்கள். ஒன்றுக்கு மேல் ஹெச்டிஎம்ஐ இருந்தால் ஒவ்வொன்றாக. விழா முடிந்து வந்ததும் திருப்பி அனலாக் ஆக்க மறக்காதீர்கள். மறுநாள் எனக்கு வரும் போன் அதற்காகத்தான்.

## அறிகுறி 8: ஓர்கா பேசுவதை நிறுத்திவிட்டது

மற்றவர்களுக்குச் சத்தம் போனால் பாட்டு போச்சு. திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ஓர்கா செயலியை நம்பியிருக்கும் பார்வையற்றவர்களுக்குத் திரையே போச்சு. மன்னார்குடிப் பக்கம் ஓர் ஆசிரியர், ஈஸ்பீக் தமிழ்க் குரலோடு ஓர்காவில்தான் வினாத்தாள் தயாரிக்கிறார். ஒரு இரவு சத்தம் நின்றபோது விடியும்வரை காத்திருந்து என்னைக் கூப்பிட்டார். அதனால் இந்தப் பகுதியை அவரோடு உட்கார்ந்து, கண்ணால் பார்க்க வேண்டிய படி எதுவும் இல்லாமல் செய்தோம்.

முதலில் சத்தம் கூட்டும் விசையை அழுத்துங்கள். பல டெஸ்க்டாப்களில் சின்னதாக ஒரு டிக் கேட்கும்.

டிக் கேட்டால் சவுண்டு சர்வர் உயிரோடு இருக்கிறது, பேச்சுதான் சிக்கியிருக்கிறது. க்னோம் டெஸ்க்டாப்பில் ஆல்ட், சூப்பர் (விண்டோஸ் விசை), எஸ் மூன்றையும் சேர்த்து ஒருமுறை அழுத்தி ஓர்காவை அணையுங்கள், மறுபடி அழுத்திப் போடுங்கள். அப்போதும் பேசாவிட்டால், ஓர்காவின் வார்த்தைகளைக் குரலுக்கு அனுப்பும் ஸ்பீச்-டிஸ்பேச்சர் என்ற நிரல் தொங்கிக்கொண்டிருக்கிறது. கீழே சொல்லும் இரண்டாவது குறுக்குவிசை அதற்குத்தான்.

டிக் கேட்காவிட்டால் சவுண்டு சர்வரே போய்விட்டது. ஆனால் டெர்மினலில் அடிப்பது சரியா தவறா என்று சொல்ல ஓர்கா இல்லையே? அதற்காகத்தான் நன்றாக இருக்கும்போதே இரண்டு குறுக்குவிசைகளைச் செய்து வைத்தோம். செட்டிங்ஸ், கீபோர்டு, கஸ்டம் ஷார்ட்கட்ஸ். கன்ட்ரோல், ஆல்ட், 1 அழுத்தினால் மேலே சொன்ன எழுப்பும் கட்டளை ஓடும். கன்ட்ரோல், ஆல்ட், 2 அழுத்தினால் கில்ஆல் ஸ்பீச்-டிஸ்பேச்சர் ஓடும். ஒன்றை அழுத்தி ஐந்து வரை எண்ண வேண்டும், பிறகு இரண்டை அழுத்த வேண்டும், கடைசியில் ஓர்காவை அணைத்துப் போட வேண்டும். இந்த வரிசை முக்கியம்: சர்வர் எழுந்த பிறகுதான் பேச்சு அதைப் பிடிக்க முடியும்.

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ ஓர்கா பயன்படுத்துகிறவர் இருந்தால் இந்த இரண்டு விசைகளையும் இன்றே செய்து கொடுங்கள். அப்டேட் செய்யும் நாளையும் பக்கத்தில் ஆள் இருக்கும் நாளாகப் பார்த்து வையுங்கள்.

## எப்போது கடைக்குப் போக வேண்டும்

பென்டிரைவ் லினக்ஸில் பார்த்தும் ஸ்பீக்கர், ஹெட்போன் இரண்டிலும் ஒன்றும் வராதபோது. ஹெட்போன் பின்னை ஆட்டினால் சத்தம் வந்து வந்து போகும்போது. அது துளையின் பற்று விட்டது, சால்டர் வேலை. குறைந்த சத்தத்திலும் ஸ்பீக்கர் கிழிந்தது போல அதிர்ந்து, ஹெட்போனில் தெளிவாகக் கேட்கும்போது. ஸ்பீக்கர் மட்டும் மாற்றினால் போதும். தண்ணீர் பட்டிருந்தாலோ, கருகல் வாடை வந்தாலோ எந்தச் சோதனையும் வேண்டாம். அணைத்து, சார்ஜரைக் கழற்றி, நேரே கொண்டு போங்கள்.

போர்டு மாற்ற வேண்டும் என்று கடையில் சொன்னால் ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். யூஎஸ்பியில் மாட்டும் சின்ன சவுண்டு கார்டு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பெரும்பாலும் எதையும் ஏற்றாமல் லினக்ஸ் உடனே அடையாளம் கண்டுகொள்ளும். மாட்டிவிட்டு பவுகண்ட்ரோலில் அதைத் தேர்ந்தெடுத்தால் ஹெட்போன், மைக் இரண்டும் வேலை செய்யும். உள்ளே உள்ள சவுண்டு சிப் செத்தே போயிருந்தாலும் கணினி ஓடும்.

கொண்டு போகும் முன் கோப்புகளை வெளியே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். அல்சா-இன்ஃபோ --நோ-அப்லோடு என்று அடித்தால் கார்டு விவரம் எல்லாம் ஒரு கோப்பாக வரும். பென்டிரைவில் அதையும் கொடுத்தால் பார்க்கிறவருக்கு அரை நாள் மிச்சம். அப்புறம் ஒரு வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் 'சத்தம் மட்டும் பார்க்கவும். ஃபார்மெட் செய்யக் கூடாது. கேட்காமல் எதையும் அழிக்கக் கூடாது' என்று எழுதி, போன் நம்பரையும் போட்டு, லேப்டாப் மூடியில் ஒட்டிக் கொடுங்கள்.